‘ஃபார்கோ’ பார்த்தவர்கள் என்னிடம் கேட்பவை: நிஜக்கதையா, சிரித்தது தப்பா, அந்தப் பறக்கும் தட்டு எதற்கு?

‘ஃபார்கோ’ பாருங்கள் என்று யாரிடமாவது சொன்னால் மூன்றாம் நாள் போன் வருகிறது. முதல் எபிசோட் முடிந்ததும் ஒரு சந்தேகம், மூன்றாவதில் ஒரு கோபம், இரண்டாம் சீசன் முடியும் தறுவாயில் நள்ளிரவில் ஒரு கூப்பாடு. ஆள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டு வைக்கிறேன். முதல் எட்டுக் கேள்விகளை இன்னும் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். அதற்குப் பிறகு கதையின் முடிச்சுகள் அவிழும். எங்கே நிறுத்த வேண்டும் என்று நடுவில் சொல்கிறேன்.

ஃபார்கோன்னா என்னங்க? படமா, சீரியலா, ஊரா?

மூன்றும்தான். ஊர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் மினசோட்டா மாநிலம். படம் 1996-இல் வந்தது, கோயன் சகோதரர்கள் எடுத்தது. தொடர் 2014 ஏப்ரலில் எஃப்எக்ஸ் சேனலில் தொடங்கியது. அதை உருவாக்கியவர் நோவா ஹாலி. கோயன் சகோதரர்களின் பெயர் தயாரிப்பாளர் பட்டியலில் வரும், ஆனால் தொடரை எழுதியது அவர்கள் இல்லை.

2024 ஜனவரி வரை ஐந்து சீசன்கள், மொத்தம் 51 எபிசோடுகள். ஒவ்வொரு சீசனுக்கும் தனிக்கதை, தனி நடிகர்கள், தனி ஆண்டு: 2006, 1979, 2010, 1950, 2019. பனி மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் கொட்டும். புத்தி கொஞ்சம் கோணலான ஒரு சாதாரண ஆள் ஒரு தப்புச் செய்வார். அந்தத் தப்பின் வாசனை பிடித்து ஒரு கொடூரன் வருவான். யாரும் பொருட்படுத்தாத ஒரு போலீஸ்காரரோ போலீஸ்காரியோ பொறுமையாக நூல் பிடித்துக்கொண்டே போவார். இதைத்தான் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள்.

படத்தைப் பார்த்துட்டுத்தான் இதைப் பார்க்கணுமா?

தேவையில்லை. முதல் சீசனில் பனிக்குள் புதைந்த ஒரு பணப்பெட்டி வரும், அது மட்டும்தான் படத்தோடு நேரடித் தொடர்பு. படம் பார்த்தவர்கள் அந்த இடத்தில் சோபாவிலிருந்து எழுந்து கத்துவார்கள், மற்றவர்களுக்கு அது வெறும் பணப்பெட்டி. ஆனால் படம் ஒன்றரை மணி நேரம்தான், அதையும் பாருங்களேன்.

கால வரிசைப்படி 1950-லேர்ந்து பார்த்தா நல்லா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் உங்கள் எதிரி. 1950-இல் நடப்பது நான்காம் சீசன். அதில் தொடங்கியவர்களில் பாதிப்பேர் அதிலேயே நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். முதல் சீசனைப் பாருங்கள், பிறகு இரண்டாவதை. முதல் சீசனில் சாப்பாட்டுக்கடை நடத்தும் முன்னாள் போலீஸ்காரர் லூ, ‘79-இல் சூ ஃபால்ஸில் நடந்தது’ என்று எதையோ சொல்ல வந்து பாதியில் விழுங்குவார். இரண்டாம் சீசன் முழுக்க அந்த விழுங்கிய கதைதான். வரிசை மாற்றிப் பார்த்தால் அந்த மௌனத்துக்கு எடை இருக்காது. மூன்றும் ஐந்தும் தனித்தனி, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பசங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம், வசவு, முதல் எபிசோடிலேயே சுத்தியல்.

இது நிஜமாவே நடந்த கதையா? ஆரம்பத்துலயே எழுத்துப் போடறாங்களே!

நடக்கவில்லை. ஒரு வரிகூட. ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும், ‘இது உண்மைக் கதை, பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம், இறந்தவர்களுக்கு மரியாதையாக மற்றதையெல்லாம் நடந்தபடியே சொல்கிறோம்’ என்கிற பொருளில் எழுத்துகள் மெல்ல வரும். அந்த வாசகமே கட்டுக்கதையின் முதல் வரி. படத்திலும் 1987-இல் மினசோட்டாவில் நடந்ததாகவே போட்டார்கள், அதுவும் பொய்தான். படத்தில் வரும் மரம் அரைக்கும் எந்திரத்துக்கு மட்டும் நிஜத்தில் ஒரு மூலம் உண்டு. 1986-இல் கனெடிகட் மாநிலத்தில் மனைவியைக் கொன்ற ஒருவன் அப்படியொரு எந்திரத்தைப் பயன்படுத்தினான். அந்த இடத்துக்கும் மினசோட்டாவுக்கும் நடுவே பாதி அமெரிக்கா கிடக்கிறது.

அப்படீன்னா அது ஏமாத்து வேலைதானே? எனக்கு ரொம்பக் கோபம் வந்துடுச்சு.

எனக்கும் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு வரி இல்லாமல் இதைப் பார்த்திருந்தால், மூன்றாவது தற்செயலில் ‘அதெப்படி, நம்புற மாதிரியா இருக்கு?’ என்று எழுந்து போயிருப்பேன். ‘நிஜம்’ என்று முதலில் சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். நடந்ததாகச் சொல்லும் கதையில் எந்த அபத்தத்தையும் பொறுத்துக்கொள்கிறோம், கற்பனை என்றால் காரணம் கேட்கிறோம். நம்முடைய அந்தப் பழக்கத்தைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். ஏமாற்று என்றாலும் சரி, சாமர்த்தியமான ஏமாற்று.

இதில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. 2001-இல் டோக்கியோவிலிருந்து வந்த ஓர் இளம்பெண் மினசோட்டாவில் இறந்து கிடந்தார். படத்தில் புதைத்த பணத்தை நிஜமென்று நம்பித் தேடி வந்தவர் என்று செய்தி பரவியது. உள்ளூர்ப் போலீஸாருக்கு அவர் பேசியது சரியாகப் புரியாததில் கிளம்பிய கதை அது. அவர் மனமுடைந்து, சாவதென்று முடிவெடுத்து வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பணம் தேடி வந்த பெண்ணின் கதை ஊர் சுற்றி முடித்திருந்தது. ‘உண்மைக் கதை’ என்ற பொய் ஒரு நிஜமான மரணத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. கோபப்படுவதென்றால் எனக்கு இங்கேதான் கோபம், தொடரின் மேல் அல்ல.

எல்லாரும் ஏன் இப்படி இழுத்து இழுத்து, தேன் ஒழுகப் பேசறாங்க? கிண்டலா?

மினசோட்டாவில் குடியேறியவர்களில் நார்வே, ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் ஏராளம். அந்த இழுவையும் ‘ஓ, யா’வும் அங்கிருந்து வந்தவை. தொடரில் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் பேசுகிறார்கள். சண்டை போடாமல், முகம் சுளிக்காமல், வீடே எரிந்தாலும் ‘பரவாயில்லைங்க’ என்று சிரிக்கும் சுபாவத்தை அந்த ஊர்க்காரர்களே ‘மினசோட்டா நைஸ்’ என்பார்கள். ஐந்தாம் சீசன் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதிக் காட்டிவிட்டுத்தான் தொடங்குகிறது. அடுத்த நிமிடம் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தில் பெரியவர்கள் ஒருவரையொருவர் அடித்து நொறுக்குகிறார்கள்.

சொந்த ஊர்க்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றும் கேட்கிறார்கள். படம் வந்தபோது, நாங்கள் இப்படியா பேசுகிறோம் என்று முகம் சுருங்கியவர்கள் உண்டு. இன்று ஃபார்கோ நகரின் சுற்றுலா மையத்திலேயே அந்த மரம் அரைக்கும் எந்திரத்தை வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். தொடரின் பெரும்பகுதியை எடுத்தது அங்கேயே இல்லை என்பது தனி வேடிக்கை. அந்தப் பனியெல்லாம் கனடாவில், கால்கரி பக்கத்துப் பனி.

ஆள் செத்துக் கிடக்கறப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு ஏதாவது கோளாறா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று மட்டும் திரும்பிப் பாருங்கள்.

இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் பெக்கி என்கிற அழகுநிலையப் பெண் காரில் ஒருவனை மோதிவிடுகிறாள். அவன் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு தலைகீழாகச் செருகிக் கிடக்கிறான். அப்படியே வீட்டுக்கு ஓட்டிவந்து, காரை ஷெட்டில் விட்டு, கணவனுக்கு ராத்திரிச் சாப்பாடு செய்கிறாள். கணவன் எட் கறிக்கடையில் வேலை செய்கிறவன். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். கடையை அடைத்துவிட்டு எட் அந்த வேலையில் இருக்கும் அகாலத்தில் போலீஸ்காரர் லூ கதவைத் தட்டி, கொஞ்சம் பன்றிக்கறி கிடைக்குமா என்கிறார். எட் பணிவாக எடைபோட்டுக் கொடுக்கிறான். தரையில் ஒரு விரல் உருண்டு கிடக்கிறது.

அங்கே நாம் சிரிப்பது பிணத்தைப் பார்த்தல்ல. அந்தப் பணிவைப் பார்த்து. உலகமே கவிழ்ந்த பிறகும் சாப்பாட்டு நேரத்தையும் வாடிக்கையாளர் மரியாதையையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார்களே, அதைப் பார்த்து. சாவு வீட்டில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று ஒருவர் முனகும்போது நமக்கு உதடு துடிக்குமே, அதே சிரிப்பு. பழைய விமர்சகர்கள் இதை அவல நகைச்சுவை என்பார்கள், இப்போது டார்க் காமெடி. மோசமான சீசனில்கூட இந்தத் தொடர் செத்தவனைக் கேலி செய்ததாக எனக்கு நினைவில்லை. கேலியெல்லாம் உயிரோடு இருந்துகொண்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நடிப்பவர்கள் மேல்தான்.

*(பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இனி யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பதெல்லாம் வரும்.)*

லெஸ்டர் பாவம்னு நினைச்சேன் அண்ணா. பொண்டாட்டியைக் கொன்னப்பகூட பாவம்னுதான் தோணுச்சு. நான் ஏன் அப்படி நினைச்சேன்?

அப்படித்தான் நினைக்க வைத்தார்கள், தங்கச்சி. முதல் எபிசோட் முழுக்க அந்த இன்ஷூரன்ஸ் விற்பனையாளனை எல்லோரும் மிதிக்கிறார்கள். பள்ளியில் அடித்தவன் இப்போதும் அடிக்கிறான், தம்பி மட்டம் தட்டுகிறான், மனைவி தினமும் குத்திக் காட்டுகிறாள். லெஸ்டராக நடித்த மார்ட்டின் ஃப்ரீமனுக்கு அப்பாவி முகம் வேறு. சுத்தியலை எடுத்தபோது நாம் பாதி அவன் பக்கம் நின்றுவிட்டோம். பிறகு தம்பி மேல் பழியைத் திருப்பியபோதும், ‘சரி, அவனும் யோக்கியன் இல்லையே’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பாசம் அறுபடும் இடம் ஒன்பதாவது எபிசோட். அலுவலகத்தில் கூலிக் கொலைகாரன் மால்வோ காத்திருப்பான் என்று லெஸ்டருக்குச் சந்தேகம். தன்னை நம்பிக் கல்யாணம் செய்துகொண்ட லிண்டாவுக்குத் தன் கோட்டை மாட்டி, குளிருகிறது, தலையை மூடிக்கொள் என்று அன்பாகச் சொல்லி உள்ளே அனுப்புகிறான். காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கோட்டை மாட்டும் கையின் மென்மையைப் பார்த்தீர்களா? முதல் எபிசோடில் பாவம் என்று நினைத்தோமே, அதே மென்மைதான். அவன் மாறவில்லை. நாம்தான் அவனைத் தாமதமாகப் பார்த்தோம்.

மால்வோ மனுஷனா, சாத்தானா? அந்த மீன் மழையும் அவன் வேலையா?

மனிதன்தான். சுட்டால் செத்துப்போகிறான். ஆனால் யாரையும் அவன் வற்புறுத்துவதில்லை. ‘உனக்கு ஏன் அந்த எண்ணம் வரவில்லை?’ என்பதுபோல ஒன்றைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான், மீதியை எதிராளியே செய்துகொள்கிறான். சாத்தானுக்கு நம் ஊர்க் கதைகளிலும் அதே வேலைதானே.

மீன் மழை அவனுடையதல்ல. சூப்பர் மார்க்கெட் முதலாளி ஸ்டாவ்ரோஸை மிரட்ட வெட்டுக்கிளிகளும் குளியலறை ரத்தமும் அவன் ஏற்பாடு, விவிலியத்திலிருந்து சுட்டது. பயந்துபோன ஸ்டாவ்ரோஸ், முன்பு பனியில் கண்டெடுத்த அந்தப் பணப்பெட்டியை எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் வானத்திலிருந்து மீன் கொட்டுகிறது. அந்த மீன் மழையில் நடந்த கார் விபத்தில் அவர் மகன் செத்துக் கிடக்கிறான். பரிகாரம் செய்த பிறகு தண்டனை. ஏன் என்று தொடர் சொல்லவில்லை.

கடைசியில போலீஸ்காரி மோலிதானே மால்வோவைப் பிடிச்சிருக்கணும்? பத்து எபிசோட் உழைச்சது அவ, சுட்டது கஸ். இது அநியாயம் இல்லையா?

வந்ததிலேயே நியாயமான கோபம் இதுதான். இரண்டு பக்கமும் நான் வாதாடியிருக்கிறேன். முதல் எபிசோடில் நடுரோட்டில் மால்வோவின் காரை மறித்த போலீஸ்காரர் கஸ். அவன் கண்ணைப் பார்த்துப் பயந்து, போ என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு பிணத்திலும் அந்தப் பயத்துக்குப் பங்கு உண்டு. கணக்கைத் தீர்க்க வேண்டியவர் அவர்தான் என்பது ஒரு வாதம். பச்சை நிறத்தின் சாயல்களை மனிதக் கண் ஏன் இவ்வளவு பிரித்தறிகிறது என்று மால்வோ போட்ட புதிரையும் நினைத்துப் பாருங்கள். காட்டில் மறைந்திருக்கும் வேட்டை மிருகத்தைக் கண்டுகொள்ளத்தான் என்ற விடையைக் கஸ்ஸுக்குச் சொன்னது மோலி. புதிரை அவிழ்த்தது அவள், விடையைக் கொண்டுபோய்க் கொடுத்தது கஸ்.

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணி, போக வேண்டாம் என்று அவளைத் தடுக்கும் காட்சி, அவ்வளவு நேரம் அவளைச் சரியாகப் பார்த்த தொடருக்குக் கொஞ்சம் சௌகரியமான வழி.

அந்தப் பறக்கும் தட்டு!!! நிஜமாவே வந்துச்சா? நல்லாப் போயிட்டிருந்த கதையைக் கெடுத்துட்டாங்களே!

நள்ளிரவுக் கூப்பாடு இதற்குத்தான் வரும். இரண்டாம் சீசன், ஒன்பதாவது எபிசோட், சூ ஃபால்ஸ் மோட்டல். ரவுடிக் குடும்பத்தைச் சேர்ந்த பேர் கெர்ஹார்ட் என்பவன் லூவின் கழுத்தை நெரிக்கிறான். மேலே ஒளி வட்டம். அவன் நிமிர்ந்து பார்க்கிறான், லூ சுட்டுவிடுகிறார். ஆமாம், தொடருக்குள் அது நிஜமாகவே வந்தது, எல்லோரும் பார்த்தார்கள். வாயைப் பிளந்து நிற்கும் எட்டிடம் பெக்கி, வெறும் பறக்கும் தட்டுதான், வா போகலாம் என்கிறாள். அந்த ஒரு வரிக்காகவே நான் அவர்களை மன்னித்துவிட்டேன்.

திடீரென்று நுழைத்ததும் இல்லை. முதல் எபிசோடில் பெக்கியின் கார் மோதியவன் ஏன் நடுரோட்டில் நின்றான்? வானத்தில் ஏதோ வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தான். கதை தொடங்கியதே அதில்தான். நிஜ 1979-லும் இப்படியொன்று நடந்தது. அந்த ஆகஸ்டில் மினசோட்டாவின் மார்ஷல் கவுண்டியில் இரவு ரோந்து போன துணை ஷெரிஃப் ஒருவர், ஓர் ஒளி தன் காரை நோக்கிப் பாய்ந்ததாகச் சொன்னார். கண்ணாடி உடைந்திருந்தது, கடிகாரம் 14 நிமிடம் பின்தங்கியிருந்தது. அந்தக் காரை வாரன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். முழுப் பொய்க் கதையில் நம்ப முடியாத ஒரே விஷயத்துக்கு நிஜத்தில் வேர் இருக்கிறது என்றால், ‘உண்மைக் கதை’ பற்றி மேலே கோபப்பட்டோமே, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது?

இன்னொன்று. லூவின் மாமனார் ஹாங்கின் அறை முழுக்கப் புரியாத குறியீடுகள் இருக்கும். பார்த்தவர்களெல்லாம் வேற்றுக்கிரகவாசிகளோடு அவருக்குத் தொடர்பு என்று ஆராய்ச்சி செய்தார்கள், நானும்தான். கடைசி எபிசோடில் கிழவர் கூச்சத்தோடு சொல்கிறார்: மனிதர்கள் அடித்துக்கொள்வதெல்லாம் பேச்சு புரியாததால்தான் என்று தோன்றியது, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி செய்து பார்த்தேன். நாங்கள் போட்ட கணக்கெல்லாம் அங்கே சாய்ந்தது.

மூணாவது சீசன் கடைசில கதவு திறந்து யார் வந்தாங்க?

காட்டவில்லை, காட்டவும் மாட்டார்கள். மூன்று அதிகாரிகள் வந்து உன்னைச் சிறைக்குக் கொண்டுபோவார்கள், நான் மகனோடு திருவிழாவுக்குப் போவேன் என்கிறாள் போலீஸ்காரி குளோரியா. உன்னால் எதிர்த்துப் பேச முடியாத ஒருவன் வருவான், நான் வெளியே போவேன் என்கிறான் அவளிடம் பிடிபட்ட குற்றவாளி வார்கா. விளக்கு மங்குகிறது. அவ்வளவுதான்.

உங்களுக்கு எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அதுவே பதில் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், என் கட்சி குளோரியா. சீசன் முழுக்கத் தானியங்கிக் கதவுகள் அவளுக்குத் திறக்காது, கையை நீட்டினால் குழாயில் தண்ணீர் வராது, எந்திரங்களுக்கு அவள் இருப்பதே தெரியாது. ஒரு சக போலீஸ்காரி அவளைக் கட்டிப்பிடித்த பிறகு குழாயில் தண்ணீர் வருகிறது. அதைக் காட்டியவர்கள் கடைசிக் கதவை வார்காவுக்குத் திறந்துவிட்டிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. என் நண்பர் ஒருவர், வங்கி வேலை, உலகம் தெரிந்தவர், ‘வார்காதான் போவான், வேணும்னா எழுதித் தர்றேன்’ என்றார்.

நாலாவது சீசனை எல்லாரும் திட்றாங்களே, விட்டுடலாமா?

ஆட்கள் அதிகம், பிரசங்கம் அதிகம். ஜெஸ்ஸி பக்லி நடித்த நர்ஸுக்காகவும், சூறாவளியில் முடியும் அந்தக் கறுப்பு வெள்ளை எபிசோடுக்காகவும் பார்க்கலாம். இரண்டாம் சீசனின் ரவுடி மைக் மில்லிகனை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கட்டாயம் பாருங்கள். அத்தனை பேரைக் கடந்து வென்று வந்தவனுக்குப் பரிசாக ஒரு சின்ன அறையும் தட்டச்சு எந்திரமும் கொடுத்து, முடியை வெட்டு, கோல்ஃப் கற்றுக்கொள் என்பார்களே, அந்த மில்லிகனின் பால்யம் இங்கேதான் இருக்கிறது.

அஞ்சாவது சீசன்ல எல்லாச் சண்டையும் முடிஞ்சப்புறம் அவ்வளவு நேரம் சமையல் பண்றாங்களே, அது எதுக்கு?

முதல்முறை பார்த்தபோது நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். கூலிக்கு வேலை செய்யும் கொலைகாரன் ஓலே மன்ச் பழிக்கணக்குத் தீர்க்கக் கதாநாயகி டாட்டின் வீட்டு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். கொன்றுவிட்டுப் போவான் என்று நாம் இறுகி உட்கார்ந்திருக்கிறோம். டாட்டின் கணவனோ வந்தவருக்குக் குடிக்கக் கொடுக்கிறான். ‘மினசோட்டா நைஸ்’ பற்றிச் சொன்னேனே, அது நடிப்பாக இல்லாமல் நிஜமாக இருந்தால் எப்படியிருக்கும் என்று இந்த ஒரு காட்சியில்தான் காட்டுகிறார்கள்.

இந்த சீசனில் எல்லாமே கடன்தான். டாட்டின் மாமியார் கடன் வசூல் கம்பெனி முதலாளி, முதல் கணவன் ஷெரிஃப் ராய் அவளைத் தனக்குச் சேர வேண்டிய சொத்தென்று நினைப்பவன். மன்ச் சுமார் 500 ஆண்டுக்கு முன் வேல்ஸ் நாட்டில், இரண்டு காசுக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் செத்துப்போன பணக்காரனின் பாவங்களைத் தின்றவன். பசிக்காகத் தின்ற அந்தப் பாவம் இன்னும் செரிக்கவில்லை. டாட் அவனைச் சமையலறைக்கு அழைத்து மாவு பிசையச் சொல்கிறாள். ஆசையாகச் செய்ததைச் சாப்பிட்டுப் பார், கடன் தீரும் என்கிறாள். சுடச்சுட ஒரு பிஸ்கட்டை (அங்கே பிஸ்கட் என்பது பன் மாதிரி) எடுத்துக் கடிக்கிறான். வாய் முழுக்க வெண்ணெயோடு அந்தக் கொலைகாரன் பல் தெரியச் சிரிக்கிறான். அதோடு சீசன் முடிந்துவிடுகிறது.